பழைய மர பெஞ்சில் புது பெயின்ட் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது, ஜன்னலுக்கு வாங்கிய எனாமலில் மிச்சம் இருந்தால் வாசலில் கிடக்கும் பெஞ்சுக்கும் ஒரு கை போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். ஒரு வருஷம் பச்சை, அடுத்த முறை நீலம், அப்புறம் சாக்லேட். இப்படியே முப்பது நாற்பது வருஷம் ஓடினால் பெஞ்சின் விளிம்பெல்லாம் மழுங்கி, கடைசலில் இருந்த வரிகள் தூர்ந்து, ஆணித்தலை எங்கே என்றுகூடத் தெரியாது. அதற்குப் பிறகு அடிக்கிற பெயின்ட் ஒரு மழைக்காலம்கூட தாங்குவதில்லை. "இதுக்கு மேலயே இன்னொரு கோட் குடுத்துடலாம் சார், ஒண்ணும் தெரியாது" என்பார் பெயின்டர். ஆறு மாசத்துக்குத் தெரியாதுதான்.

புது பெயின்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய அடுக்கில். அந்த அடுக்கு அதற்கும் முந்தையதில். நடுவில் எங்கோ ஒரு அடுக்கு பிடியை விட்டிருந்தால் மேலே உள்ள அத்தனையும் அதோடு சேர்ந்து வரும். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த அடுக்கில் பிடி விட்டது? பதில் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் விற்க நினைப்பதைத்தான் வாங்கி வருவோம்.

வாசல் பெஞ்ச், மாடியில் கிடக்கும் நாற்காலி, தோட்டத்து ஊஞ்சல் பலகை என வெயிலும் மழையும் படுகிற மரச் சாமான்களுக்காக இதை எழுதுகிறேன். கூடத்து சோபாவுக்கு இவ்வளவு பாடு தேவைப்படாது.

சுரண்டுவதற்கு முன்: வெட்டு, டேப், ஸ்பிரிட்

பிளேடால் பெயின்டில் மரம் வரை இறங்கும்படி ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேல் நல்ல பிடிப்புள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் ஒன்றும் வரவில்லை என்றால் அடித்தளம் உறுதி. அந்த இடத்தில் முழுதும் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. வந்தால், வந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மர நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் மரத்தின் மேல்தோலே செத்திருக்கிறது. வழவழவென்று சுத்தமாக வந்தால் இரண்டு பெயின்ட் அடுக்குகளுக்கு நடுவே பிடி இல்லை. ஓர் இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். உட்காரும் பலகை, கைப்பிடி, காலின் அடி, வெயில் படாத அடிப்பக்கம் என நாலு இடத்திலாவது பாருங்கள். ஒரே பெஞ்சில் நாலு விதமான பதில் வருவது சகஜம்.

அடுத்தது, மேலே இருப்பது எண்ணெய் எனாமலா, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்கா என்று தெரிய வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நன்றாகத் தேயுங்கள். பெயின்ட் இளகிப் பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர் வகை. ஒன்றும் ஆகவில்லை என்றால் எண்ணெய் வகை. நம் பழைய சாமான்களில் பெரும்பாலும் எண்ணெய் எனாமல்தான் இருக்கும். சமீபத்தில் யாராவது சுவருக்கு வாங்கிய எமல்ஷனை, அதாவது தண்ணீர் வகைப் பெயின்டை, அதன்மேல் பூசியிருந்தால் பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் கண்டிப்பாக

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய எனாமல்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பெஞ்சில் பத்து அடுக்கு இருந்தால் அடியில் இருக்கும் அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

அப்படியென்றால் காய்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. சாண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். அடியில் பழைய பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, விழும் செதில்களையும் குழம்பையும் அதோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடித்தொட்டி மண்ணிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். முகத்துக்குத் துண்டு கட்டினால் போதாது, என்-95 அல்லது அதைவிட நல்ல முகமூடி வேண்டும். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சுரண்டிய மரத்துண்டையோ செதிலையோ வெந்நீர் அடுப்பில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகி நெருப்பில் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஈயத்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற வேலை.

அறிகுறி: பொருக்குப் பொருக்காக உரிகிறது

எல்லாரும் சொல்லும் முதல் புகார் இது. காரணம் மட்டும் ஒன்றல்ல.

உரிந்த இடத்தில் மரம் தெரிகிறதா? மரம் சாம்பல் நிறமாக, நகத்தால் கீறினால் பஞ்சுபோல நார் வருகிறதா? இது வெயிலின் வேலை. மர நார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடுகிறது. மேலே மிஞ்சுவது பிடிப்பில்லாத நார்த்தூள். அமெரிக்காவில் மேடிசன் நகரில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகம் செய்த சோதனைகளில், பெயின்ட் அடிப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடந்த பலகையிலேயே பெயின்டின் பிடி குறைந்தது தெரிந்தது. நம் பங்குனி சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாம்பல் தோல் போய், மரத்தின் சொந்த நிறம் வரும்வரை 80ஆம் நம்பர் தாளால் மர இழையின் போக்கிலேயே தேயுங்கள். இழைக்குக் குறுக்கே தேய்த்த கீறல் எத்தனை கோட் அடித்தாலும் தெரியும். தேய்த்த அன்றோ மறுநாளோ பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, போட்டுவிட வேண்டும். தேய்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

மரம் நல்ல நிறத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பெயின்ட் பட்டையாக வருகிறது என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மேல்பக்கம் மட்டும் பளபளவென்று அடித்து, பலகையின் அடிப்பக்கத்தை வெறுமனே விட்டிருப்பார்கள். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெயில் பட்டதும் மேலே வரப் பார்க்கும். மேலே பத்து அடுக்கு எனாமல் மூடியிருந்தால் அதைத் தள்ளிக்கொண்டுதான் வரும். மருந்து: மரத்தை நன்றாகக் காயவிட்டு, அடிப்பக்கம், பக்கவாட்டு, பலகையின் இரண்டு முனை என ஆறு முகத்துக்கும் பிரைமர் கொடுப்பது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்பவரிடம் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைக் காட்டுங்கள்.

உரிந்த இடத்தில் பழைய பெயின்ட் தெரிகிறது, அதுவும் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கிறது என்றால், முன்பு அடித்தவர் தேய்க்காமல் அடித்திருக்கிறார். பழைய பளபளப்பு எனாமலில் புது பெயின்ட் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூட இல்லை. இங்கே மரம் வரை போக வேண்டியதில்லை. பிடி விட்ட அடுக்கு வரை சுரண்டி எடுத்து, கீழே உறுதியாக இருக்கும் எனாமலை 120, பிறகு 180 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு முழுதும் சாகும்வரை தேய்த்தால் போதும். வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பாருங்கள். எங்காவது மினுங்கினால் அந்த இடம் பாக்கி. சுரண்டிய பள்ளமும் சுரண்டாத மேடும் சேரும் விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. அந்தப் படியில்தான் அடுத்த வருஷம் தண்ணீர் நின்று உரிசல் தொடங்கும்.

எண்ணெய் எனாமலின் மேல் அக்ரிலிக் அடித்து அது ரப்பர் தோல்போல நீளமாக உரிந்து வந்தாலும் இதே கதைதான். ஆனால் இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. அக்ரிலிக் காயும்போது சுருங்கும். அடியில் இருக்கும் பழைய எனாமல் அரைகுறைப் பிடியில் இருந்தால் அந்த இழுப்பிலேயே அதுவும் எழும்பிவிடும். "வெளிப்புறத்துக்கு அக்ரிலிக்தான் நல்லது, வெடிக்காது" என்று சொல்வது உண்மை, எண்ணெய் எனாமல் வருஷம் ஆக ஆக இறுகி நொறுங்கும், அக்ரிலிக் வளைந்து கொடுக்கும். ஆனால் அந்த நன்மை கிடைப்பது அடித்தளம் டேப் சோதனையில் தேறியிருந்தால்தான்.

முழுதும் எடுப்பதா, பாதியோடு நிறுத்துவதா?

என் கணக்கு எளிது. டேப் போட்ட இடங்களில் பாதிக்கு மேல் தோற்றால் முழுதும் எடுத்துவிடுவது குறைந்த வேலை. ஒட்டுப்போட்டுச் சரிசெய்த பெஞ்சில் ஒவ்வொரு வருஷமும் புது இடத்தில் உரியும். ஒவ்வொரு வருஷமும் தேய்ப்புக் கூலி. கால்வாசிக்குக் குறைவாகத் தோற்றால் அந்த இடங்களை மட்டும் பாருங்கள். நடுவில் இருந்தால் கடைசலைப் பார்த்து முடிவு செய்யலாம். வரிகளும் பூ வேலையும் பெயின்டில் மூழ்கிக் கிடந்தால், எடுத்தபின் கிடைக்கும் அழகுக்காகவே எடுக்கலாம்.

எடுக்கும் வழிகளில் கைச்சுரண்டிதான் மெதுவானது, ஆனால் மரத்துக்கும் உடம்புக்கும் பாதுகாப்பானது. கூர் மழுங்கவிடாமல் அடிக்கடி அரம் போட்டுக்கொள்ளுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேலையைப் பாதியாகக் குறைக்கும்: பெயின்ட் இளகிக் குமிழ்விடும் நேரத்தில் பட்டித்தகட்டால் வழித்தெடுக்க வேண்டும், கருகும்வரை காட்டக் கூடாது. ஈயம் உள்ள பெயின்டில் சுமார் 590 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்டுவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தடுக்கிறது. நம் வேலைக்கு அதில் பாதிச் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். பற்றவைக்கும் புளோ லாம்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

பெயின்ட் ரிமூவர் வாங்கினால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மூடிய அறையில் அதன் ஆவி ஆளைக் கொன்றிருக்கிறது; அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு அதை ரிமூவராக விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அதைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் திறந்த வெளியில், தடித்த கையுறையோடு. எந்த ரிமூவரானாலும் வேலை முடிந்ததும் டப்பாவில் சொன்னபடி துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் புது பெயின்டையும் அது தின்னும்.

காஸ்டிக் சோடாக் கரைசலைத் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மலிவு, வேகமும் உண்டு. ஆனால் தேக்கைக் கறுக்கடிக்கும், நாரைக் கிளப்பிவிடும், இணைப்புப் பசையை இளக்கும், மர இழைக்குள் காரம் தங்கிவிடும். வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, அப்புறம் வெறும் தண்ணீரால் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டால் ஒழிய அதன்மேல் எண்ணெய் பெயின்ட் நிற்காது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது

ஒரு கொப்புளத்தை அறுத்துப் பாருங்கள். உள்ளே மரம் தெரிந்தால் ஈரம்; மேலே சொன்ன ஆறு முக வைத்தியம். உள்ளே பழைய பெயின்ட் தெரிந்தால் சூடு. உச்சி வெயிலில், அதுவும் சாக்லேட், கறுப்பு மாதிரி அடர்த்தியான நிறம் அடித்தால், மேல்தோல் நிமிஷத்தில் காய்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட டர்பென்டைன் ஆவியாகி மேலே தள்ளும். கொப்புளத்தைச் சுரண்டி, தேய்த்து, வெயில் சாய்ந்த பிறகு மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஆனால் சூரியன் மறையும்வரை தள்ளிப்போட வேண்டாம். மார்கழி, தையில் இரவுப் பனி ஈர பெயின்டின் மேல் இறங்கினால் காலையில் பளபளப்பு செத்து, வெளிறிப் போயிருக்கும். அந்த மாதங்களில் மூணு மணிக்குள் பிரஷைக் கீழே வைத்துவிடலாம்.

சென்னையிலும் கடற்கரை ஊர்களிலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். மழை நின்ற மறுவாரமே பெயின்டரைக் கூப்பிடுவதுதான் பாதிக் கொப்புளத்துக்குக் காரணம். மேலே காய்ந்ததுபோல் இருக்கும் மரத்தின் உள்ளே ஈரம் இருக்கும். கூரைக்கு அடியில், காற்றோட்டத்தில், செங்கல் மேல் தூக்கி வைத்து இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள். ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் காயவிடும் முன் நல்ல தண்ணீரால் ஒரு முறை கழுவுங்கள். படிந்த உப்பு பெயின்டுக்கு அடியிலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: ஏரி வற்றிய களிமண் போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது

அடுக்கு அதிகமானதன் நேரடி விளைவு இது. மரம் மழையில் பருத்து வெயிலில் சுருங்கும். மெல்லிய புது எனாமல் கூடவே போகும். பத்து அடுக்கு சேர்ந்து இறுகிய ஓடு போகாது, வெடிக்கும். முதல் கோட் முழுதும் காய்வதற்குள் அடுத்த கோட் அடித்தாலும் இதே மாதிரி வரும், ஆனால் அப்போது வெடிப்பு மேல் அடுக்கோடு நின்றிருக்கும். மரம் வரை இறங்கிய வெடிப்புக்குப் பட்டி போட்டு நிரவுவது வீண் வேலை. முழுதும் எடுப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: அடித்துக்கொண்டிருக்கும்போதே பழைய பெயின்ட் சுருங்கி எழும்புகிறது

தின்னரைப் பாருங்கள். எனாமலுக்கு டர்பென்டைன்; என்.சி. தின்னர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான தின்னர், வேறு சரக்கு. கடையில் "தின்னர்" என்று மட்டும் கேட்டால் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கும் கரைப்பான்கள் பழைய எனாமலுக்குள் இறங்கி அதைத் தோல் உரிப்பதுபோல் கிளப்பிவிடும். என்.சி. பெயின்டையோ கார்களுக்கு அடிக்கும் டூக்கோவையோ எனாமல் மேல் அடித்தாலும் அதேதான். உடனே நிறுத்தி, ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துவிடுங்கள். காய்ந்தபின் தேய்க்க வேண்டும் என்றால் பெரும்பாடு.

தின்னர் சரிதான், ஆனாலும் மேல்தோல் மட்டும் சுருக்கம் விழுகிறது என்றால் கோட் தடிமன் அதிகம். ஒரே கோட்டில் முடிக்க ஆசைப்பட்டு வழிய வழிய அடித்திருப்பார்கள். இரண்டு மெல்லிய கோட்டுக்கு நடுவில் ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள்.

அறிகுறி: நாள் கணக்காகியும் கையில் ஒட்டுகிறது

மூன்று சந்தேகங்கள். பெயின்ட் பரவ வேண்டும் என்று மண்ணெண்ணெய் கலந்தார்களா? மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் போகும், போனபின்னும் பிசுக்கை விட்டுப்போகும், பளபளப்பையும் குறைக்கும். கலப்பட டர்பென்டைனும் அப்படித்தான். அடுத்தது, மரம் தேக்கா? தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சுரண்டிய தேக்கில் பிரைமர் போடும் முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை துணி மாற்றி, ஆவி போன கையோடு பிரைமர் அடிக்க வேண்டும். மூன்றாவது, அடைமழைக்கால ஈரக்காற்று. இது ஒன்றுக்குத்தான் பொறுமை மருந்து. காற்று வரும் இடத்துக்கு மாற்றிப் பத்து நாள் பாருங்கள். அப்போதும் நகம் பதிந்தால் டர்பென்டைன் துணியால் துடைத்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். பிசுபிசுப்பின் மேல் இன்னொரு கோட் அடித்தால் இரண்டும் காயாது.

அறிகுறி: சாய்மானத்தில் மட்டும் பெயின்ட் ஒதுங்கி வட்ட வட்டமாகக் குழி விழுகிறது

நம் வீடுகளுக்கே உரிய கோளாறு. அந்தச் சாய்மானத்தில் வருஷக்கணக்காகத் தலை சாய்த்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் காயும் வகை எண்ணெய் கிடையாது. ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகும், இது இறுகாது. பெயின்டின் வெடிப்புகள் வழியே மரத்துக்குள் இறங்கி அப்படியே இருக்கும். கைப்பிடியில் உள்ளங்கை அழுக்கும் ஊஞ்சல் பலகையில் சங்கிலி எண்ணெயும் அதே வேலையைச் செய்யும்.

உப்புத்தாளைப் போடும் முன் அழுக்கை எடுக்க வேண்டும், வரிசை முக்கியம். முதலில் தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் தள்ளி அடைத்துவிடுவோம். பாத்திரம் துலக்கும் சோப்போ வாஷிங் சோடாவோ கலந்த வெந்நீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். காய்ந்ததும் டர்பென்டைனில் நனைத்த துணியால் ஒரு திசையில் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி மாற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் எண்ணெய் பாக்கி, பரவினால் சரி. மரம் வரை எண்ணெய் ஊறிப்போன இடத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, அதாவது பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஷெல்லாக்கை, ஒரு கோட் கொடுத்து அடைத்துவிட்டு அதன்மேல் பிரைமர் போடலாம்.

அறிகுறி: வெளிர் நிறத்தில் பழுப்பு, கறுப்புக் கறை ஊறி வருகிறது

கணுவைச் சுற்றி மஞ்சள் பழுப்பு என்றால் பிசின். அதற்கும் ஷெல்லாக்தான் அடைப்பு. பலகை முழுக்கத் தேநீர் நிறம் பரவினால் மரத்தின் துவர்ப்புச் சத்து. தண்ணீர் வகைப் பிரைமர் போட்டதும் அதில் கரைந்து மேலே வந்திருக்கும். எண்ணெய் வகை வுட் பிரைமருக்கு மாறுங்கள்.

ஆணியைச் சுற்றி நீலங்கலந்த கறுப்பு என்றால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தது. கலம்காரித் துணியில் கடுக்காய் ஊட்டிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டுக் கறுப்பு பிறப்பதும் இதே வேதியியலில்தான். அங்கே அது கலை, இங்கே தொல்லை. துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுவது நிரந்தர வழி. பிடுங்க முடியாத ஆணியை உள்ளே தட்டி இறக்கி, தலையைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு தொட்டுவைத்து, மேலே பட்டி. மரத்தில் ஏறிய கறையை ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் எடுக்கும். அது விஷம், கையுறை போட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

அறிகுறி: கரும்புள்ளி, பச்சைப் படலம்

அழுக்கா, பூஞ்சையா என்று தெரிய ஒரு சொட்டு பிளீச் விடுங்கள். ஓரிரு நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சை. ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கழிவறை ஆசிட் பட்ட வாளியில் இதைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பெயின்ட் அடித்தால் புது பெயின்டைத் துளைத்துக்கொண்டு அதே இடத்தில் வரும். வேப்பமரத்தடியில் நிரந்தரமாக நிழலில் கிடக்கும் பெஞ்சுக்கு வருஷம் ஒரு முறை கழுவல் தேவைப்படும், எந்த பெயின்ட் அடித்தாலும்.

அறிகுறி: மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, கால் அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு உரிகிறது

காலை அறுத்த முனையில் மரத்தின் நாளங்கள் வாய் திறந்திருக்கும். பக்கவாட்டில் குடிக்கும் தண்ணீரைப் போலப் பல மடங்கு அந்த முனை குடிக்கும். தரையைக் கழுவி விடும் ஒவ்வொரு முறையும் கால் குடிக்கிறது. பெஞ்சைக் கவிழ்த்து, முனையை நன்றாகக் காயவிட்டு, டர்பென்டைன் கலந்து இளக்கிய பிரைமரை அது குடிக்குமட்டும் குடிக்க விடுங்கள். மறுநாள் கெட்டியாக இன்னொரு கோட். எப்பாக்சி (இரண்டு பங்காகக் கலந்து பூசும் பிசின்) கிடைத்தால் இன்னும் நல்லது. அடியில் ரப்பர் புஷ் மாட்டினால் தண்ணீர் உள்ளே தேங்காத மாதிரி தட்டையானதாகப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிற கால் உளுத்துவிட்டது. அது பெயின்டர் வேலை கிடையாது, ஆசாரியைக் கூப்பிட்டு அடியை ஒட்டுப்போட வேண்டும்.

அறிகுறி: பட்டி வைத்த இடம் பொங்கி விழுகிறது

சுவர் பட்டியைப் போட்டிருப்பார்கள். வெள்ளை சிமென்ட் கலந்த பட்டி மரத்தோடு அசையாது. மரத்தூளும் வெள்ளைப் பசையும் பிசைந்து அடைப்பது வீட்டுக்குள் சரி, மழையில் ஊறிவிடும். வெளியில் வைக்கும் சாமானுக்கு எண்ணெய் பட்டி, ஆழமான குழிக்கு எப்பாக்சி பட்டி. எண்ணெய் பட்டியைப் பிரைமர் போட்ட பிறகே வையுங்கள். வெறும் மரத்தில் வைத்தால் பட்டியின் எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொண்டு பட்டியைப் பொடியாக்கிவிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி தண்ணீர் வடிய விட்டது. அதைப் பட்டியால் அடைத்து அழகு பார்க்காதீர்கள்.

சின்னச் சின்னப் புகார்கள்

தடவினால் கையில் மாவு ஒட்டுகிறது: மேல் பெயின்ட் வெயிலில் செத்துவிட்டது. கழுவி, தேய்த்து, கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை வராதவரை பிரைமர் தொட வேண்டாம்.

பிரஷ் கோடு தெரிகிறது: பெயின்ட் கெட்டி, அல்லது காயத் தொடங்கியபின் மறுபடி பிரஷ் போட்டிருக்கிறார்கள்.

வழிசல்: செங்குத்தான காலில் அதிகம். பெஞ்சைப் படுக்கவைத்து அடித்தால் வராது.

சின்ன ஓட்டையிலிருந்து மெல்லிய பொடி கொட்டுகிறது: வண்டு. எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே அது சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். பெயின்டை முழுதும் எடுத்து, வெறும் மரத்தில் போரிக் ஆசிட்டும் போராக்ஸும் கலந்த கரைசலை ஊற ஊற அடித்துக் காயவிடுங்கள். மழை பட்டால் அது கரைந்து போய்விடும், ஆகவே காய்ந்ததும் பிரைமர்.

முழுதும் எடுத்தபின் உள்ளே தேக்கு தெரிந்தால்

பூவரசு, வேம்பு, மா என்றால் தயங்காமல் வுட் பிரைமர், பட்டி, அண்டர்கோட், இரண்டு மெல்லிய எனாமல் அல்லது அக்ரிலிக் என்று போகலாம். தேக்காக இருந்தால், அதுவும் வைரம் பாய்ந்த பழைய தேக்காக இருந்தால், மறுபடி பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. வெறுமனே விட்டால் சாம்பல் பூத்துப் பல காலம் நிற்கும். நிறம் வேண்டும் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை ஆளி விதை எண்ணெய் தேய்க்கலாம், அதில் உரிவதற்கு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் "பச்சை பெஞ்ச்" என்றே பழகியிருந்தால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதற்கு என்னிடம் வழிமுறை கிடையாது.

எண்ணெய் தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகும்போது சூடு வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள். புது எனாமல் அடித்த பெஞ்சாக இருந்தால் ஒரு வாரத்துக்காவது மெத்தையோ செய்தித்தாளோ போட வேண்டாம். தொட்டால் ஒட்டாத பெயின்ட் உள்ளே இன்னும் இளசாகத்தான் இருக்கும், எழுத்து அப்படியே அச்சாகிவிடும்.